மூன்று ரப்பர் துண்டுகள் போதும்

மேடம், எழுத ஆரம்பிக்கும் முன் அந்த ஃபேனை இரண்டில் வைக்கச் சொல்ல முடியுமா. மூன்றில் வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ வருகிறது. உங்களுக்கு அது பழகிப்போயிருக்கும். எனக்குக் காதுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது.

நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் இதுவரை ஒரு தடவைகூட என்னை அதட்டவில்லை. சத்தம் போடாதவர்கள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

பெயர் ஜெயகணேஷ். வயது இருபத்தாறு. பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடித்து, ஒரு வருடம் அப்ரென்டிஸாக இருந்து, சான்றிதழோடு வீட்டில் இருக்கிறேன். எங்கள் டவுன்ஷிப்பில் என் வயதுப் பையன்கள் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அப்பா ஜெயராமன் மைன்ஸில், கரியை ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட் பிரிவில் பர்மனன்ட், முப்பத்து நான்கு வருட சர்வீஸ். அம்மா சந்திரா. க்வார்ட்டர்ஸில் மொத்தம் மூன்று பேர். ஸ்பீக்கர் ஜோடியையும் சேர்த்தால் நான்கு. நான் சேர்த்துத்தான் சொல்வது வழக்கம்.

ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லாமல் மற்றது உங்களுக்குப் புரியாது. யார் புதிதாக மியூசிக் சிஸ்டம் வாங்கினாலும் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி. பார்க்க வேண்டியது ஓம். அது ஸ்பீக்கர் காட்டுகிற தடை. அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிகக் கரன்ட் தள்ள வேண்டியிருக்கும். தாங்கவில்லை என்றால் சூடாகி நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுப்பட்ட ஒலிதான் ட்வீட்டரை, அதாவது கீச்சுச் சத்தங்களுக்கான குட்டி ஸ்பீக்கரை, பொசுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஹால். எங்கள் ஹால் பதினாறரை அடிக்குப் பதினொன்றே கால். உயரமான கூரை, பழைய காலத்துத் தடித்த சுவர். ஆறு ஓம் ஸ்பீக்கர், அதற்கேற்ற ரிசீவர், அதாவது ஆம்ப்ளிஃபயர் அடங்கிய பெட்டி, அவை இரண்டுக்கும் ஏற்ற ஹால். இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று இசைய வைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்திருக்கிறேன். நேற்று சோதனைக்கு வந்த உங்கள் ஏட்டு இடது ஸ்பீக்கரைக் கால் அங்குலம் நகர்த்திவிட்டார்.

அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பா காபி குடிக்கும்போது முதலில் நீளமாக ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ வரும். நடுவில் குமிழ் உடைகிற சத்தம். பிறகு தொண்டைக்குள் ஒரு ‘களக்’. அப்புறம் ஒரு ‘ஹா’. ஒரு டம்ளருக்கு இது பதினேழு தடவை. காலையில் நாக்கு வழிக்கும்போது அவர் ஓங்கரிப்பது, குடலை வெளியே எடுத்து அலசிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிற மாதிரி இருக்கும். ஸ்கூட்டர் சாவியால் காது குடைவார். குடைந்த சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். லுங்கியில் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பார். நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

முப்பது வருடம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது போவது இயல்புதான். டிவியின் சத்தம் போதவில்லை என்று, நான் இல்லாத ஒரு மதியம் அதை என் ரிசீவரில் இணைத்து சீரியல் பார்த்திருக்கிறார். முறுக்க முறுக்க அவருக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று மேலும் முறுக்கியிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தபோது ஹாலில் வார்னிஷ் எரிந்த வாடை. இரண்டு ட்வீட்டர்களும் போய்விட்டன.

“பொசுங்குன வாடை வந்துச்சுப்பா. சாம்பார்தான் அடிபிடிச்சிருச்சுன்னு நெனச்சு ஒங்கம்மாவ வேற வஞ்சுட்டேன்” என்றார்.

“நல்லா வஞ்சாரு. அடுப்புல அன்னிக்கு சாம்பாரே இல்ல” என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அப்பாவுக்கு மூக்கிலிருந்து ஒரு விசில் வரும்.

அவருக்கு மனது கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்த வாரம் பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் இரண்டு பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பலாப்பழ மண்டி இருக்கிற தெருவில் வாங்கினாராம். முன்பக்கம் நீல லைட். பாட்டு போட்டால் அது கண்ணடிக்கும். பின்னால் திருப்பிப் பார்த்தேன். நாலு ஓம்.

“எட்டு வேணுமா நாலு வேணுமான்னு கடக்காரன் கேட்டான். நாலே குடுப்பான்னுட்டேன். சின்ன நம்பரா இருந்தா ஒம் மெசினுக்குப் பாரம் கொறையும்ல” என்றார்.

பாரம் கூடும் என்று நான் சொல்வதற்குள், என் ஸ்பீக்கர்களின் ஒயர் போகிற அதே முனைகளில் அந்தப் பெட்டிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டார். புதிதாக ட்வீட்டர் மாற்றிய ஸ்பீக்கர்கள். ரிசீவர் நாலு வினாடி பாடியது. பிறகு ஒரு ‘டிக்’. தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அப்பா அதன் தலையில் மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொடுத்தார். தட்டிய கையில் பலாச்சுளைப் பிசுக்கு இருந்தது. அந்த விரல் தடம் இன்றும் இருக்கிறது. வேண்டுமானால் தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஆசையா வாங்கியாந்திருக்காருடா. ரெண்டு நாளாவது போட்டு வையேன்” என்றாள் அம்மா. நான் பெட்டிகளைப் பரணில் ஏற்றினேன்.

போன தை மாதம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஜூன் முப்பதில் அவருக்கு ரிட்டையர்மென்ட். அடுத்த மெடிக்கல் செக்கப் வருவதற்குள் சர்வீஸ் முடிந்துவிடும். அதுவரை காது மந்தம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் லைட் டியூட்டி கொடுத்து எங்கேயாவது உட்கார வைத்துவிடுவார்கள்.

“பெல்ட்டுல நின்னவனக் கடைசி ஆறு மாசம் ஸ்டோர்ல தொடப்பக்கட்டைக்குக் காவல் வைப்பானுவ. செட்டு ஆளுங்க மூஞ்சில எப்படிப்பா முழிக்கிறது? எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டாப் போதும் கணேசு. ஹூட்டர். மத்ததெல்லாம் வாயப் பாத்தே புரிஞ்சுக்குவேன்.”

ஹூட்டர் என்னவென்று நீங்களே விசாரித்திருப்பீர்கள். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். நின்றிருக்கிற பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கும் முன் அது அடிக்கும். அடியில் ரோலர் மாற்றுகிறவர்களும், சிந்திய கரியை வாருகிறவர்களும் அதைக் கேட்டதும் வெளியே வந்துவிட வேண்டும்.

ஹெல்மெட் பட்டைக்குள் மறைகிற அளவுக்குச் சின்னதாக ஒரு காது கேட்கும் கருவி வரவழைத்தேன். அதை என் போனில் இருக்கும் ஆப் வழியாக சரிசெய்யலாம். அதுவும் ஆம்ப்ளிஃபயர்தான் மேடம். அதில் ஒரு குட்டி ஸ்பீக்கர், அதற்கு ஒரு ஹால். ஹால் என்பது அப்பாவின் காது. ஹூட்டர் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தார். அது எந்தச் சுதியில் இருக்கிறதென்று பார்த்து, ஆப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கோடுகளில் அந்தச் சுதிக்கான கோட்டை மட்டும் உச்சிக்கு ஏற்றினேன்.

முதல் நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கேட்டுச்சுடா கணேசு. நான்தான் மொத ஆளா வெளிய வந்தேன். எளவட்டப் பயலுவல்லாம் எனக்குப் பின்னாடி வாரானுவ.” என் தலையைத் தடவினார். சாவி பிடிக்கிற அதே கை. நான் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் குளித்தேன்.

நான் வேலை தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொன்னேன். தை முதல் சித்திரை வரை என் தகப்பனார் ஒவ்வொரு ஹூட்டரையும் கேட்டார்.

கருவியைச் சுத்தம் செய்வதும் என் வேலையாகிப்போனது. அவர் கண்ணுக்கு அந்தத் துவாரம் தெரியாது. தினமும் மாலையில் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். வெதுவெதுப்பாக இருக்கும். துவாரத்தில் பழுப்பாக, பாதி உருகிய வெல்லம் மாதிரி அடைத்திருக்கும். கரித்தூள் கலந்திருந்தால் கறுப்பு. சின்ன பிரஷ்ஷால் தள்ளினால் முழுசாக வராது. நூலாக நீளும். நான் முகத்தைச் சுளித்ததில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆவலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். “இம்புட்டா வருது?” என்பார், ஏதோ விளைச்சலைப் பார்ப்பதுபோல.

இதற்கிடையில் வீட்டு விஷயம். ரிட்டையர் ஆனால் க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா குறிஞ்சிப்பாடியில் ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். பங்குனியில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஹால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சதுரம். ஸ்பீக்கருக்குச் சதுர அறையைவிட மோசமான அறை கிடையாது. அடிச் சத்தம் ஒரு மூலையில் குவியும், இன்னொரு மூலையில் செத்துப்போகும். தரை முழுக்க வழவழ டைல்ஸ். ஒரு பக்கச் சுவர் பூராவும் கண்ணாடி ஷோகேஸ். நான் ஒரு தடவை கை தட்டினேன். அறை ஆறு தடவை தட்டியது.

“பாத்தியா? இங்க ஒம் பாட்டு சும்மா அதிரும்ல” என்றார் அப்பா.

அதிரும் என்றார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூட ஒழுங்காக இருந்தது.

சித்திரையில் விசில் தொடங்கியது. ஒரு சுதியை ரொம்ப ஏற்றி வைத்தால் கருவி அந்தச் சுதியில் தானாகவே ஊளையிடும். அப்பா நாற்காலியில் தலை சாய்த்தாலே போதும். நான் கண்ணை மூடி வீணையின் கடைசி அதிர்வு தேய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த இடத்தில், என் முதுகுக்குப் பின்னால், ‘கூ’. அவருக்கே அது கேட்டது. “காதுக்குள்ள ஒருத்தன் விசிலடிச்சுக்கிட்டே இருக்கான், கொஞ்சம் பாருப்பா” என்றார்.

ஆகவே அந்தக் கோட்டை இறக்கினேன். மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. ஆப்பில் பதிவாகியிருக்கிறது. நீங்களே காட்டினீர்கள். அந்த அமைப்புக்கு ‘அப்பா ஃபைனல்’ என்று ஏன் பெயர் வைத்தேன் என்றும் கேட்டீர்கள். எங்கள் காலேஜில் எல்லா ப்ராஜெக்ட் ஃபைலுக்கும் அப்படித்தான் பெயர் வைப்போம். அதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம்.

வீட்டுக்கு ஓர் அமைப்பு, வேலைக்கு ஓர் அமைப்பு என்று தனித்தனியாக வைத்திருக்கலாமே என்றீர்கள். வைக்கலாம். அந்த ஆப்பில் நாலு இடம் உண்டு. அது எனக்குத் தோன்றவில்லை என்று நேற்று சொன்னேன். தோன்றியது.

அதே வாரம் அவரிடம் ரப்பர் கேட்டேன். தேய்ந்துபோய்க் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டைத் துண்டு போட்டு ஸ்பீக்கருக்கு அடியில் வைத்தால் பெட்டியின் அதிர்வு தரைக்கு இறங்காது. எங்கள் டவுன்ஷிப்பில் பாதி வீட்டில் வாசல் மிதியடியே அந்த ரப்பர்தான். கைக்கு அடக்கமாக நாலு துண்டு போதும் என்றேன். அப்பாவுக்குச் சந்தோஷம். நான் அவரிடம் ஏதாவது கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த மூன்று வாரமும் செட்டு ஆட்கள் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் அவரும் வெளியே வந்திருப்பார். ஜூன் இரண்டு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். மீதியை சிலம்பரசன் உங்களிடம் சொல்லியிருப்பார். குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர், அப்பாவின் செட்டில் கான்ட்ராக்ட் ஆள். காரியம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டும் வாசல்படியிலேயே நின்றார்.

“ரோலர மாத்திட்டு எல்லாரும் வெளிய வந்துட்டோங்க. பெல்ட்ட நிறுத்தி வக்கிற பர்மிட்டக்கூடத் திருப்பிக் குடுத்தாச்சி. ரப்பர் துண்டு ஒண்ண உள்ளயே வச்சிட்டேன், எம்புள்ள நாலு கேட்டிருக்கான்னு சொல்லிகினே சாரு திரும்ப உள்ள போயிட்டாருங்க. ஹூட்டர் அடிச்சிகினே இருக்குது. நான் கத்திகினே ஓடறேன். அவரு முதுகக் காட்டிகினு, குந்திகினு, நிதானமா அந்த ரப்பருல கரியத் தட்டிகினு இருக்காருங்க. தை மாசத்துலல்லாம் எங்களுக்கு மின்னாடி எகிறி வருவாருங்க அவரு. அன்னிக்கு இன்னா ஆச்சின்னு எனக்கு இன்னும் வெளங்கல தம்பி.”

சொல்லிவிட்டு, நியூஸ் பேப்பரில் சுற்றிய மூன்று ரப்பர் துண்டுகளை என்னிடம் கொடுத்தார். மூக்கைச் சிந்தி வாசலோர வேப்பமரத்தில் துடைத்தார். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இதே கேள்வியை அவர் விசாரணையிலும் கேட்டார் என்று தெரியும். அதற்குப் பிறகுதான் கருவியை எடுத்தீர்கள், என் போனை எடுத்தீர்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கவனமாகக் கேட்கிற ஆள்.

அப்பாவைக் கொண்டுவந்தபோது முகத்தை மட்டும்தான் காட்டினார்கள். மற்றதைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். துணியின் ஓர் ஓரத்தில் ஊறிக்கொண்டே இருந்தது. அதில் ஈ. அப்பா அப்போதும் ஈரமாகத்தான் இருந்தார். ஆனால் சத்தம் இல்லை. அம்மா ஹாலில் விழுந்து அழுதாள். அவ்வளவு பெரிய அழுகைக்கு எதிரொலியே இல்லை. நான் மாட்டியிருந்த கனத்த திரைகள் நன்றாக வேலை செய்தன.

ரிட்டையர்மென்டுக்கு இருபத்தெட்டு நாள் பாக்கி. சர்வீஸில் இருக்கும்போது இறந்ததால் வாரிசு வேலைக்கு மனு போடலாம், க்வார்ட்டர்ஸையும் தக்க வைத்துக்கொள்ளலாம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள்தான் சொன்னார்கள். அம்மா கையெழுத்துப் போட்டாள். “எம்புள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் போயிருக்காரு” என்று எல்லோரிடமும் சொன்னாள். வேலைக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள் மேடம். ஷிஃப்டுக்குப் போவதில் எனக்கு விருப்பமே கிடையாது. பதினாறரைக்குப் பதினொன்றே கால் ஹால் வேறெங்கே கிடைக்கும், அதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஸ்பீக்கருக்கு நாலு துண்டு வைப்பதுதான் வழக்கம். வலது பக்கம் மட்டும்தான் வைத்திருக்கிறேன், மூன்றே துண்டுதான். மூன்று புள்ளியில் நின்றால் பெட்டி ஆடாது என்று பிறகுதான் தெரிந்தது. நாலாவது தேவையே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. கோட்டை இறக்கியது விசிலுக்காகத்தானே, ஹூட்டரும் அதோடு போய்விடும் என்று தெரியாமல் செய்திருக்கலாம் அல்லவா என்று கேட்டீர்கள். உங்கள் நல்ல மனது. ஆனால் நான் வேலையைச் சோதித்துப் பார்க்காமல் விடுகிறவன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பதிவு செய்து கொண்டுவந்த ஹூட்டரை ரிசீவரில் போட்டேன். பெல்ட்டடியில் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு சத்தம், அளந்து வைத்தேன். முதல் தடவை லேசாகத் தலையைத் தூக்கினார். கோட்டை இன்னும் இறக்கினேன். இரண்டாவது தடவை காதைச் சொறிந்தார். கோட்டை அடியோடு இறக்கினேன். மூன்றாவது தடவை மாமரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. எதிர் வீட்டு நாய் குரைத்தது. அப்பா விரலை எச்சில் தொட்டு, பக்கத்தைப் புரட்டினார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “என்னப்பா, இன்னிக்குப் பாட்டுப் போடலியா? வீடு இம்புட்டு அமைதியா இருக்கு. காதுல அந்த விசிலும் இல்ல. நல்லா செட் பண்ணிட்ட கணேசு” என்றார்.

நான் தலையாட்டினேன். மேடம், அந்த ஹாலில் நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போல என் ஸ்பீக்கர்கள் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு துல்லியமாக ஒலித்ததே இல்லை. மூன்று வருட உழைப்பு. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அதைக் கேட்க அவருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.